செந்தூலில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு தையல் கடை

சென்ற மாதம் என் அண்ணன் மகளின் திருமணத்திற்காகச் செந்தூலில் உள்ள ஒரு தையல் கடையில் இரண்டு ரவிக்கைகளைத் தைக்கக் கொடுத்து வாங்கினேன். ஒன்று முகூர்த்தத்துக்கு எடுத்த அரக்கு நிறப் பட்டுக்கு. மற்றொன்று இரவு விருந்துக்கு எடுத்த சாம்பல் நிற மென்பட்டுக்கு. முகூர்த்த ரவிக்கையை விடியற்காலை நான்கரை மணிக்குப் போட்டவள் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கழற்றினேன். இடையில் மணமகளின் அத்தையாக ஆரத்தித் தட்டு தூக்கினேன், பந்தியில் பரிமாறினேன், பிள்ளைகளை இடுப்பில் சுமந்தேன். ஒரு தடவைகூட முதுகுப்புறத்தைக் கீழே இழுத்துவிடவோ கைக்குழியைத் தளர்த்திவிடவோ எனக்குக் கை போகவில்லை. ரவிக்கை தைத்துப் போடும் எந்தப் பெண்ணுக்கும் இதன் அருமை தெரியும். நான் திருநங்கை. அகன்ற தோளும் நீண்ட முதுகும் உள்ள என் உடம்புக்கு இப்படித் தைத்துக் கொடுக்கும் கடை, 1986-ஆம் ஆண்டிலிருந்து நான் பார்த்தவரை, கோலாலம்பூரில் இது ஒன்றுதான். இந்தக் கடையைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை என்பதால் நானே எழுதுகிறேன். குறைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

செந்தூல் எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். பழைய ரயில்வே பணிமனைப் பக்கம் போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால், ஒரு பூக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் இடையே, அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கடைமுன் நடைபாதையிலிருந்து மரப்படி ஒன்று மேலே ஏறும். கடை மாடியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, என்றைக்கும் இருந்ததில்லை. பூக்கடையில் நின்று தையல்கார அக்கா வீடு எது என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். கதவு எண்ணை நான் இங்கே எழுதவில்லை. அங்கே வருபவர்களில், யார் கண்ணிலும் படாமல் வந்து போக வேண்டியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பின்புறச் சந்தில் இறங்கும் இரும்புச் சுருள்படி ஒன்றும் உண்டு. அந்தக் காலத்துக் கடைவீடுகள் பலவற்றிலும் இருக்கும் சாதாரணப் படிதான் அது. ஆனால் முன்வாசல் வழியாக ஏறி, பின்வாசல் வழியாக இறங்க முடிகிற ஒரு மாடி எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய வசதி என்பதை, வாடகைக்கு எடுத்த நாளிலேயே அக்கா யோசித்திருக்கிறார் என்று பின்னாளில் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு வந்து, கோலாலம்பூரின் சௌகிட்டில் ஒரு கடைவீட்டின் மாடியறையில் எனக்கு மூத்த மூவருடன் தங்கியிருந்தேன். ஓர் உணவுக்கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவிச் சேர்த்த பணத்தில் முதன்முதலாக ஒரு சேலை வாங்கினேன். ரோஜா நிற நைலெக்ஸ், 22 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு ரவிக்கை தைக்க நகரின் நடுவே துணிக்கடைகள் நிறைந்த தெருவில் ஒரு தையல்காரரிடம் போனேன். அவர் டேப்பை என் தோளில் வைத்தார், என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு துணியை மடிக்காமலே என் பக்கம் தள்ளிவிட்டார். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடையில் காத்திருந்த பெண்கள்தாம் சிரித்தார்கள். துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தே அறைக்குத் திரும்பினேன். எங்கள் அறையில் மூத்தவரை நாங்கள் குரு என்று அழைப்போம். அவர் மறுநாள் மாலை என்னைச் செந்தூலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அக்காவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். கணவர் ரயில்வே பணிமனையில் வேலை செய்தார். தொட்டிலில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என்னை நிற்க வைத்து, பல்லில் ஊசியைக் கடித்தபடியே, "கையைத் தூக்கும்மா" என்றார். வீட்டை விட்டு வந்த பிறகு குருவைத் தவிர வேறு யாரும் என்னை அம்மா போட்டு அழைத்ததில்லை. அவர் அதை ஒரு சலுகையாகவோ இரக்கமாகவோ சொல்லவில்லை; முன்னால் நின்ற எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதைப் போலவே சொன்னார், அளவைச் சத்தமாகப் படித்தார், நோட்டில் எழுதினார். பிறகு பென்சிலை நிறுத்திவிட்டு, நோட்டில் என்ன பேர் போடுவது என்று கேட்டார். தோட்டத்தில் எனக்கு வைத்த பெயரை அவர் கேட்கவில்லை என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. என் பாட்டியின் பெயரைச் சொன்னேன். அதற்கு முன் அந்தப் பெயரை நான் கண்ணாடி முன் மட்டுமே சொல்லிப் பார்த்திருந்தேன். எழுத்தில் அது முதலில் ஏறியது ஒரு தையல் கடையின் அளவு நோட்டில், 'ரோஸ் நைலெக்ஸ், முழுக் கை வேண்டாம், 8 வெள்ளி' என்ற வரிக்கு மேலே.

அந்த வேலையில் என்ன நுணுக்கம் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையின் மதிப்பு அதில்தான் இருக்கிறது. சாதாரணமாக ரவிக்கை வெட்டுபவர் மார்பளவை எடுத்துக்கொண்டு, தோள் அகலத்தையும் கைக்குழியின் ஆழத்தையும் அதிலிருந்து கணக்குப் போட்டு எடுப்பார். பெரும்பாலான பெண்களின் உடம்புக்கு அந்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். எங்களுக்கு வராது. மார்பு 34 அங்குலம் என்றால் தோள் 14 அங்குலம் என்று கணக்கு சொல்லும். டேப்பை வைத்துப் பார்த்தால் தோள் 16 இருக்கும். அந்த இரண்டு அங்குலத்தை விட்டுவிட்டுத் தைத்தால் கையைத் தூக்கும்போதெல்லாம் ரவிக்கை மேலே ஏறும், அக்குளில் வெட்டும், முதுகில் தையல் பிரியும். அதற்குப் பயந்து எல்லாப் பக்கமும் தளர்வாக வெட்டினால் முன்பக்கம் தொளதொளவென்று தொங்கும். அக்கா கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, தோளையும் முதுகின் குறுக்களவையும் கைக்குழியின் சுற்றையும் புஜத்தையும் தனித்தனியே அளந்தார். ஒரு ரவிக்கைக்கு ஆறேழு அளவு எடுப்பார்கள். எனக்குப் பதினான்கு எடுத்தார்.

பிறகு வெட்டு. தோள்தையலை எலும்பின் முனையில் வைக்காமல் அரை அங்குலம் கழுத்துப் பக்கமாகத் தள்ளி வைப்பார். கையின் மேற்பகுதி எலும்பை மூடிக்கொள்ளும், பார்க்கிற கண்ணுக்குத் தோள் குறுகித் தெரியும். கழுத்தை அகலமாக வெட்டச் சொன்னால் மறுத்துவிடுவார், ஏனென்றால் அகலக் கழுத்து தோளை இன்னும் விரித்துக் காட்டும். முனை இறங்கிய ஆங்கில 'வி' வடிவக் கழுத்துதான் எங்களில் பலருக்கு அழகு. 1980களில் எல்லாரும் பஃப் கை கேட்ட காலத்தில் எங்களுக்கு மட்டும் பஃப் வைக்க மாட்டார் என்று அவரோடு சண்டை போட்டவர்கள் உண்டு. கை முழங்கைக்கு ஓர் அங்குலம் மேலே முடிய வேண்டும் என்பார். புஜத்தின் நடுவே முடிந்தால் சதைத் திரட்சி தெரியும் என்று விளக்குவார். முன்பக்கத் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே வாய் திறந்த இரண்டு உறைகள் தைத்திருப்பார். அந்தக் காலத்தில் நாங்கள் உள்ளே வைத்ததெல்லாம் வெட்டிய ஸ்பான்ஞ்சுத் துண்டுகள். வியர்வையில் ஊறிக் கனத்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று நகர்ந்து நிற்கும். அவர் மெல்லிய பருத்தித் துணியில் சிறு பை தைத்து, பாதிக்குக் கடுகும் மீதிக்குப் பஞ்சும் நிரப்பிக் கொடுத்தார். நடக்கும்போது அது உடம்போடு அசையும், உட்காரும்போது தானாகச் சரிந்து அமரும். வாரத்துக்கு ஒரு முறை கடுகைக் கொட்டிவிட்டுப் பையைத் துவைத்துக் காயவைக்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்வதைப் போல இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

இத்தனையும் எதற்காக என்பது அந்த நாளின் இரவுகளை அறிந்தவர்களுக்குப் புரியும். பகலில் நாங்கள் பெரும்பாலும் சட்டையும் காற்சட்டையுமாகத்தான் இருந்தோம். இருட்டிய பிறகுதான் எங்கள் வாழ்க்கை. சௌகிட் பக்கத்துப் பத்து ரோடு என்ற சாலையும் ஹாஜி தாயிப் சந்துகளும் விளக்கு ஏற்றும் நேரத்தில் மாடியறைகளில் பவுடர் வாசம் எழும். பிழைப்புக்காகச் சந்தில் நின்றவர்கள் உண்டு, அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரவு என்றால் அது மட்டுமே என்று மற்றவர்கள் நினைப்பதுதான் எங்களுக்கு வலிக்கும். யாராவது ஒருத்திக்குப் பிறந்தநாள் என்று பெயர் சொல்லி ஒரு கூடத்தை வாடகைக்கு எடுப்போம். கேசட் போட்டு ஆட்டம், நடைப் போட்டி, சேலைக் கட்டுக்குப் பரிசு, கடைசியில் வாழையிலையில் பிரியாணி. மலாய்த் தோழிகள், சீனத் தோழிகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் அதில் ஒன்றாக இருந்தோம். தங்களை மாக் நியா என்று தாங்களே பெயரிட்டு அழைத்துக்கொள்ளும் வழக்கம் மலாய்த் தோழிகளிடம் பரவியதும் அந்த 1980களில்தான். தமிழில் எங்களை அழைக்க அப்போது வசைச்சொற்களைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. திருநங்கை என்ற சொல் கடல் கடந்து எங்கள் காதுக்கு வந்து சேர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

ஆட்டம் நடக்கும் கூடத்துக்குக் கீழே ஒருத்தி எப்போதும் காவலுக்கு நிற்பாள். "மாத்தா" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் போலீஸ் வருகிறது என்று பொருள். 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தில் 21-ஆம் பிரிவு, பொது இடத்தில் அநாகரிகமாக நடந்துகொள்வதைத் தண்டிக்கிறது. பெண் உடையில் நடப்பதையே அநாகரிகம் என்று எடுத்துக்கொண்டு முஸ்லிம் அல்லாதவர்களை அந்தப் பிரிவில் அழைத்துப் போவார்கள். முதல் குற்றத்துக்குச் சட்டத்தில் உள்ள அபராதம் 25 வெள்ளி வரைதான், ஏறக்குறைய அக்காவிடம் மூன்று ரவிக்கை தைக்கும் கூலி. முஸ்லிம் தோழிகளின் நிலை இன்னும் கடினம். ஷரியா சட்டம் தனி. கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தில் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அவர்களுக்கு 1,000 வெள்ளி வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்க இடம் கொடுக்கிறது. அபராதத் தொகையைக்கூட நாங்கள் அவ்வளவாக அஞ்சவில்லை. ஆண்கள் லாக்கப்பில் சேலையோடு ஓர் இரவு இருப்பதையும், வளர்த்த முடியை வெட்டிவிடுவார்கள் என்பதையும்தான் அஞ்சினோம். 2000-இல் ஆண்கள் சிறையில் அடைக்கப்பட்டு, 2016-இல் அமெரிக்க அரசின் துணிச்சல்மிக்க பெண்களுக்கான அனைத்துலக விருதைப் பெற்ற நிஷா ஆயூப், அந்தச் சிறை நாள்களைப் பற்றிப் பொதுவெளியில் பேசியபோது, எங்கள் தலைமுறையில் பலர் அதைக் கேட்டு அழுதோம்.

அந்த அச்சத்துக்கு அக்கா தையலில் ஒரு விடை வைத்திருந்தார். கொசுவத்தை முன்கூட்டியே மடித்துத் தைத்து, அதை அகலமான இடுப்புப் பட்டியில் பொருத்தி, பட்டிக்கு இடது பக்கத்தில் இரண்டே இரண்டு பெரிய கொக்கிகள் வைத்துவிடுவார். மாராப்பு மடிப்பும் உட்புறம் தைக்கப்பட்டிருக்கும். தோளில் ஒரே ஓர் ஊக்கு. ரவிக்கையின் முன்பக்கத்தில் வெளிப்பார்வைக்குக் கொக்கிகள் வரிசையாகத் தெரியும், ஆனால் அவை அலங்காரத்துக்குத்தான்; உண்மையில் மூடியிருப்பது உள்ளே தைத்த பிரஸ் பட்டன்கள். தோள் ஊக்கைக் கழற்றி, இடுப்பில் ஒரு இழுப்பு, மார்பில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். உள்ளே மடித்துக் கட்டியிருந்த காற்சட்டையை இறக்கிவிட்டு, பையிலிருந்து டீ-சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டால் பின்படியில் இறங்குகிறவள் யாரோ ஓர் இளைஞன். சேலை முழுவதும் ஒரு தலையணை உறைக்குள் அடங்கிவிடும். முதல் தடவை கடையில் அதைப் பழக்கிக் காட்டியபோது குருவும் அக்காவும் என்னைத் திரும்பத் திரும்பக் கழற்றிக் கட்ட வைத்தார்கள். நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். 1988-இல் ஓர் இரவு, கூடத்தின் முன்வாசலில் போலீஸின் பிளாக் மரியா வண்டி வந்து நின்றபோது, நான் பின்சந்தில் தலையணை உறையைச் சுமந்துகொண்டு நடந்துபோனேன். சாதாரணமாகச் சேலை கட்டி வந்திருந்த இரு தோழிகள் அன்று பிடிபட்டார்கள்.

இந்த வித்தையை அவர் எங்கே கற்றார் என்று பல ஆண்டுகள் கழித்துக் கேட்டேன். அவர் தொழில் பழகியது ஒரு முதிய தையல்காரரிடம். அந்த மனிதர் புக்கிட் பிந்தாங்கில் இருந்த பிபி பார்க்கில் ஆட்டக்காரிகளுக்கு உடை தைத்தவர். கபரேயும் ரொங்கெங் என்ற மலாய் ஆட்டமும் நாடகமும் குத்துச்சண்டையும் ஒரே வளாகத்தில் நடந்த அந்தப் பொழுதுபோக்குப் பூங்கா 1972-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் பிறகு சுங்கை வாங் பிளாசா எழுந்தது. மேடையில் உடை களைந்து ஆடிய ரோஸ் சானின் பெயர் மலாயா முழுக்கப் பரவியிருந்த அந்தக் காலத்தில், மேடையில் ஒரே அசைவில் கழன்று விழும்படி உடை தைப்பது ஒரு தனித் தொழில். பார்ப்பவர்களுக்காகக் கழற்ற உண்டான பிரஸ் பட்டன், பார்ப்பவர்களிடமிருந்து தப்பிக்க எங்களுக்குப் பயன்பட்டது. இன்று ஆயத்தக் கொசுவச் சேலை என்று கடைகளில் அழகழகாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இடுப்புப் பட்டியின் கொக்கிகளை என் விரல்கள் தேடுகின்றன.

அளவு நோட்டுகளைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டும். நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டுகள், கடைசியாக நான் எண்ணியபோது பதினொன்று இருந்தன, சாமி படத்துக்குக் கீழே அலமாரியில். எங்கள் அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. பின்னாளில் பன்னிரண்டு இலக்க எண் வந்தபோது அதன் கடைசி இலக்கமே ஆணா பெண்ணா என்று சொல்லிவிட்டது. ஒற்றைப்படை என்றால் ஆண். 2005-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் ஒருவருக்கு அதை மாற்றிக்கொள்ள அனுமதி கொடுத்த செய்தி வந்தபோது எல்லாருக்கும் வழி திறந்துவிட்டது என்று நம்பினோம், அப்படி நடக்கவில்லை. அக்காவின் நோட்டில் மட்டும் நாங்கள் சொன்ன பெயரே முதலிலிருந்து இருந்தது. ஒரே ஆளுக்கு அளவுகள் மாறிக்கொண்டே போவதையும் அதில் பார்க்கலாம். ஹார்மோன் மாத்திரை சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு மார்பளவு கூடும், அக்கா எதுவும் கேட்காமல் கடுகுப் பையைச் சிறிதாக்குவார். 1980களின் தொடக்கம் வரை கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை செய்துகொண்ட மூத்தவர்கள் எங்களில் இருந்தார்கள். 1983-இல் மலாய் சுல்தான்கள் கூடும் ஆட்சியாளர்கள் மாநாடு முஸ்லிம்களுக்கு அதைத் தடை செய்த பிறகு அந்த வழி அடைபட்டது, வசதி இருந்தவர்கள் தாய்லாந்துக்குப் போனார்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் புது அளவு கொடுக்கச் செந்தூலுக்கு வருவார்கள்.

சில பக்கங்களில் அளவு திடீரென்று குறைந்துகொண்டே போகும். 36, 34, 31. நாட்டில் முதல் எய்ட்ஸ் நோயாளி கண்டறியப்பட்டது 1986-இல். அடுத்த ஆண்டு தொடங்கிய, எய்ட்ஸ் பற்றி ஆலோசனை தரும் பிங்க் டிரையாங்கிள் அமைப்பின் தொலைபேசி எண்ணை அக்கா ஒரு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தார். என் குருவின் கடைசிப் பக்கம் 1994-ஆம் ஆண்டுக்குரியது. மார்பு 29 என்று எழுதியிருக்கிறது. அந்த ரவிக்கைக்குக் கூலி எழுதும் இடம் காலியாக இருக்கிறது. இறந்தவர்களின் பெயரை அக்கா அடிப்பதில்லை.

கடையின் நடுவில் பெரிய பாய் ஒன்று விரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அதில் உட்கார்ந்து துணியின் ஓரம் மடித்து எம்மிங் செய்து கொடுப்போம், கூட்டுப் பணம் கட்டுவோம், ஊரிலிருந்து வந்த கடிதங்களைப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவோம். திருநங்கையர் வணங்கும், சேவல் மேல் அமர்ந்த பகுசரா மாதா படத்தை யாரோ ஒருத்தி கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா அதைத் தம் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பவர்களுக்கு மஞ்சள் ரவிக்கை தைப்பார், சித்திரையில் கூவாகம் போகிறவர்களுக்கு இரண்டு தைப்பார்: தாலி கட்டிக்கொள்ளும் இரவுக்கு ஒன்று, அரவான் களப்பலி ஆன மறுநாளுக்கு வெள்ளையில் ஒன்று. அந்த வெள்ளை ரவிக்கையை மட்டும் கடையில் போட்டுப் பார்க்க அவர் விடமாட்டார். தம் வீட்டுக் கூரைக்குக் கீழே எந்தப் பெண்ணும் வெள்ளையில் நிற்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். நோட்டில் உள்ள அளவை நம்பித்தான் அதைத் தைக்க வேண்டும், அது ஒரு தடவையும் தப்பியதில்லை.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. அளவு எடுப்பதும் துணியில் சாக்பீஸ் கோடு போடுவதும் மட்டும் அவர். வெட்டுவதும் தைப்பதும் மருமகள். தையலின் நேர்த்தியில் மருமகள் மாமியாரை விஞ்சிவிட்டார் என்றே சொல்வேன்: என் பட்டு ரவிக்கையின் உட்புறத் தையல்கள் அனைத்தும் மடித்து மூடப்பட்டிருந்தன, ஒரு நூல்கூட உடம்பில் உரசவில்லை, கைக்குழியில் லைனிங் சுருங்காமல் படிந்திருந்தது. கடுகுப் பையின் இடத்தில் இப்போது சிலிக்கான் வைக்கும் உறை. ஆனால் கழுத்து விஷயத்தில் அவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கைப்பேசியில் பார்க்கும் படங்களைக் காட்டி அகலக் கழுத்தைப் பரிந்துரைக்கிறார்; என் சாம்பல் நிற ரவிக்கைக்கு நான் சொன்னதைவிட முக்கால் அங்குலம் அகலமாக வெட்டிவிட்டார். சொன்னதும் மறுபேச்சின்றிப் பட்டி வைத்துச் சரிசெய்து கொடுத்தார். அக்கா அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் வெட்டும் முன்பே தடுத்திருப்பார் என்று தோன்றியது. சொன்ன தேதிக்கு மூன்று நாள் பிந்தியும் போயிற்று. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முன்னால் தாமதம் இதைவிட அதிகமாக இருக்கும். படி மிகவும் செங்குத்து. முட்டிவலி உள்ள மூத்தவர்கள் கஷ்டப்படுகிறார்கள். போட்டுப் பார்க்கும் இடத்துக்குத் திரை மட்டும்தான், கதவு இல்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கதவு தேவை என்று சொல்லியிருக்கிறேன், செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கூலி நியாயமானது. லைனிங் இல்லாத சாதாரண ரவிக்கை 40 வெள்ளி, லைனிங் வைத்தது 65, பட்டுக்கு 90. சேலைக்குக் கொசுவம் தைக்க 55. திருநங்கை என்பதற்காக ஒரு காசு கூட்டியோ குறைத்தோ வாங்குவதில்லை, 1986-லும் வாங்கியதில்லை. பக்கத்து வீட்டு ஆசிரியையும் வங்கியில் வேலை செய்யும் பெண்ணும் எங்களோடு ஒரே வரிசையில் காத்திருக்கிறார்கள். இளைய பிள்ளைகள் ஆயத்த ஆடைகளை இணையத்தில் வாங்கிக்கொள்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கடை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஆயத்த ஆடைகளின் அளவுப் பட்டியலில் உள்ள எந்த எண்ணும் பொருந்தாத தோளைக் கண்ணாடியில் பார்த்து மனம் வெதும்பிய ஒரு பிள்ளையை நான் சென்ற ஆண்டு அழைத்துப் போனேன். பதினான்கு அளவும் எடுத்து முடிக்கும்வரை அவள் பேசவே இல்லை, ரவிக்கை வந்த நாளில் கண்ணாடியை விட்டு நகரவும் இல்லை. திருநம்பியருக்குச் சட்டை தைக்கக் கேட்டு இப்போது சிலர் வருகிறார்கள். மார்பைத் தட்டையாகக் காட்டும் வெட்டு மருமகளுக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை என்பதை அவர் மறைக்காமல் சொல்லி, முதல் சட்டைக்குக் கூலி வாங்காமல் தைத்துப் பழகுகிறார்.

சட்டம் பெரிதாக மாறவில்லை. நெகிரி செம்பிலானில் பெண் உடை அணிவதைத் தண்டிக்கும் ஷரியா பிரிவு செல்லாது என்று 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த அக்டோபரிலேயே கூட்டரசு நீதிமன்றம் வழக்கு தொடுத்த முறை சரியில்லை என்று அந்தத் தீர்ப்பை நீக்கியது. இரும்புப் படிக்கதவின் பூட்டுக்கு அக்கா இன்னும் மாதம் ஒரு தடவை எண்ணெய் விடுகிறார். பிரஸ் பட்டன் வைத்த ரவிக்கையை இன்று யாரும் கேட்பதில்லை என்று மருமகள் சொன்னார். சொல்லிவிட்டு, வைக்கத் தெரியும், தேவை என்றால் சொல்லுங்கள் அத்தை என்றார்.

திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் காலை பதினொன்று முதல் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். ஏழு மணிக்கு மேல் போனால் கூட்டம் குறைவு, பின்படியும் திறந்திருக்கும். பாதிப் பணம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். வங்கி அட்டை ஏற்பதில்லை, ரொக்கம் அல்லது கைப்பேசி வழிப் பணம். தீபாவளி ரவிக்கை என்றால் ஆறு வாரத்துக்கு முன்பே துணியைக் கொடுத்துவிடுங்கள், கழுத்து அளவை வாயால் சொல்வதோடு விடாமல் நோட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். பழைய அளவு ரவிக்கையைக் கொண்டுபோக வேண்டாம். கொண்டுபோனாலும் அக்கா அதை ஓரமாக வைத்துவிட்டு டேப்பைத்தான் எடுப்பார்.